ஆக்சோலாட்டல் தொட்டிக்குச் செடி வாங்குகிறீர்களா?

"அண்ணே, செடி வச்சுட்டேன், வந்து பாருங்க" என்று கீழக்கரையில் இருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் தொட்டி நிறையச் சிவப்பு இலை, மேலே கண் கூசும் விளக்கு. ஆக்சோலாட்டல் (தண்ணீருக்குள்ளேயே வாழும் சாலமாண்டர் வகைப் பிராணி) மூலையில் கிடந்த ஓட்டைச் சட்டிக்குள் தலையை நுழைத்துக் கிடந்தது. என் முதல் தொட்டியும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. குளோரின் போக்குவது மாதிரியான பாலபாடத்தை விட்டுவிடுகிறேன்.

சிவப்புச் செடி ஆசை

லுட்விஜியா, ரோட்டாலா எல்லாம் கடையில் ஜொலிக்கும். நானும் மயங்கினேன். பத்து நாளில் இலை கரைய ஆரம்பித்தது. கடைக்காரர் "வெளிச்சம் பத்தலை" என்றார். இன்னொரு விளக்கு வாங்கி மாட்டினேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. இரண்டு விளக்குக்கும் கொடுத்த காசு, பிராணிக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

ஆக்சோலாட்டல் மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப் பக்கத்துப் பிராணி. 16 முதல் 18 டிகிரித் தண்ணீர்தான் அதற்குச் சுகம், 24 தாண்டினால் ஆபத்து. பங்குனியில் நம் ஊர் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். சில்லர் போட்டுக் குளிர்விக்கிறோம், அதன் தலைக்கு மேலேயே விளக்கைச் சூடேற்றி எரிய விடுகிறோம். போதாததற்கு அதற்குக் கண் இமை கிடையாது, வெளிச்சத்துக்கு மூடிக்கொள்ள வழியில்லை. அந்தச் செடிக்கோ வெதுவெதுப்பும் வெளிச்சமும் வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் திருப்திப்படுத்த முடியாது. என் தொட்டியில் செடி அழுகி, தண்ணீரில் அம்மோனியா என்ற நச்சு ஏறியது. ஆக்சோலாட்டலின் தலைக்கு வெளியே நீட்டியிருக்கும் செவுள்கள் முன்பக்கமாகச் சுருண்டன, மண்புழுவைக்கூடத் தொடவில்லை. தினமும் தண்ணீர் மாற்றி, தனி வாளியில் வைத்துத்தான் தேற்றினேன்.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ் போதும். மங்கலான வெளிச்சத்திலும் குளிரிலும் தாங்கும். மெதுவாகத்தான் வளரும், வளரட்டுமே. தம்பியின் விளக்கை அன்றைக்கே கழற்றினோம். இப்போது அவன் அக்காவின் தையல் மிஷினுக்கு மேலே எரிகிறது.

கிழங்கைப் புதைப்பது

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் கிழங்கு மணலுக்குள் போனால் அழுகும். நூலால் கல்லில் கட்டுங்கள்.

பொடிக்கல்

செடியோடு வரும் குட்டிச் சட்டியில் பஞ்சும் பொடிக்கல்லும் இருக்கும். எல்லாவற்றையும் உதறிவிட்டு வையுங்கள். ஆக்சோலாட்டல் வாயைத் திறந்து உறிஞ்சித்தான் தின்னும்; புழுவோடு கல்லும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். செடி கட்டும் கல் அதன் தலையைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

பவளக்கல்லில் கட்டுவது

கடலில் கிடைக்கும் பவளக்கல் செவுளைக் கிழிக்கும். அதை எடுத்து வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

ஊருணிப் பாசி

ஓசியில் கிடைக்கிறதே என்று ஹைட்ரில்லாவை அள்ளி வந்து அப்படியே போடாதீர்கள். வயலில் அடித்த மருந்தும் கூடவே வரும், நத்தை முட்டையும் வரும். கடையில் வாங்கிய செடியையே ஒரு மாசம் தனி வாளியில் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. பாசியில் அட்டை இருந்தது எனக்குத் தெரிந்ததே, அது செவுளில் ஒட்டிக்கொண்ட பிறகுதான்.