மீல்வார்ம் டப்பாவில் நாற்றம் வருகிறதா?

ஃபிஞ்ச் குருவிக்கும் அரோவானா மீனுக்கும் தீனியாக வீட்டிலேயே மீல்வார்ம் வளர்க்க ஆரம்பிக்கும் பலர், கொஞ்ச நாளிலேயே டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். பெரும்பாலும் புழுக்களைக் கொல்வது ஈரம்தான்.

மீல்வார்ம் என்பது தானியத்தில் வாழும் ஒரு வண்டின் புழு. காய்ந்த மாவிலும் தவிட்டிலும் வளர்ந்து பழகியது. அதற்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதும், தவிட்டின்மேல் தண்ணீர் தெளிப்பதும் வேண்டவே வேண்டாம். தவிடு கட்டிபிடிக்கும், பூஞ்சை பூக்கும், கண்ணுக்கு மாவு போலத் தெரியும் மைட் பூச்சி பெருகும். கேரட் துண்டோ உருளைக்கிழங்குத் துண்டோ தரும் ஈரமே அதற்குப் போதும். அழுகும் முன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் கேரட்டை இன்னும் குறைக்க வேண்டும். இறுக்கமான மூடியும் கெடுதல்தான். நடுவில் பெரிதாக வெட்டிவிட்டு வலை ஒட்டுங்கள். வெயிலுக்கும் தாங்காது. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் ஏற்றது; சித்திரை வெயிலில் மொட்டைமாடி ஷெட்டில் வைத்தால் செத்துவிடும்.

அடுத்தது வீட்டில் புழங்கும் மருந்துகள். கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் கொசு லிக்விட், எறும்பு சாக்பீஸ் எல்லாமே பூச்சியைக் கொல்லச் செய்தவை. டப்பா இருக்கும் அறையில் இவை எதுவும் கூடாது. எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பலகாரப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான்.

புழு வண்டாவதற்கு முன் கூட்டுப்புழுவாகும். கூட்டுப்புழுவால் ஓட முடியாது. வண்டும் மற்ற புழுக்களும் அதைக் கடித்துத் தின்றுவிடும். வண்டு தன் முட்டையைக்கூட விடாது. அதனால் கூட்டுப்புழுவுக்கு ஒரு டப்பா, வண்டுக்கு ஒரு டப்பா.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, தீனி போடுவதில் கோட்டை விடுபவர்கள் உண்டு. என் பார்வையில் இதுதான் பெரிய தவறு, ஏனென்றால் பாதிக்கப்படுவது நாம் ஆசையாக வளர்க்கும் உயிர். மீல்வார்மில் கொழுப்பு அதிகம். கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸோ அதைப்போலப் பல மடங்கு. இதையே முழுத் தீனியாக்கினால் வளரும் குஞ்சுகளின் எலும்பு வலுவிழக்கும். எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே, கழுவி ஈரம் போக உலர்த்திய முருங்கைக்கீரையைப் புழுக்களுக்குத் தின்னக் கொடுங்கள். பறவைக்குப் போடும்போது கால்சியம் பவுடரில் புரட்டிப் போடுங்கள். அப்போதும் மற்ற தீனியோடு கொஞ்சமாகத்தான்.

அப்புறம், டப்பாவில் சேரும் புழுக்களின் எச்சத்தூளைச் சலிக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் கிளப்பிவிடும். சலித்த தூள் ரோஜாச் செடிக்கு நல்ல உரம். முட்டை ஒட்டியிருக்கலாம் என்பதால் சில நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தொட்டியில் போடுங்கள். புதிதாக வாங்கிய தவிட்டையும் அப்படி வைத்தே பயன்படுத்தினால் கடையிலிருந்து வண்டும் மைட்டும் கூடவே வராது.