பழைய செயின்சா ரிப்பேர்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்: எச் ஸ்க்ரூவ கடைசியா தொடுங்க

பழைய செயின்சாவ வாங்கி பிரிச்சு சேர்த்து ஓட வைக்கிற சந்தோஷமே தனி. ஸ்டில் 038, ஹஸ்க்வர்னா 268 மாதிரி மெஷினெல்லாம் ஒழுங்கா பாத்துக்கிட்டா இன்னும் பல வருஷம் மரம் அறுக்கும். எங்க டெல்டா பக்கம் 2018 கஜா புயல்ல விழுந்த தென்னைய அறுக்க அவசரத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்குன மெஷினுங்க இப்ப ஷெட்டுல தூசி புடிச்சு கிடக்கு, அதுல நல்லது சல்லிசா கிடைக்குது. ஆனா வாங்குறவங்க பண்ற முதல் தப்பு எப்பவும் ஒண்ணுதான்: மெஷின் சரியா ஓடலன்னா உடனே ஸ்க்ரூடிரைவர எடுத்து கார்புரேட்டர்ல இருக்கிற எச் ஸ்க்ரூவ, அதாவது ஃபுல் ஸ்பீடுல போற பெட்ரோல் அளவ மாத்துற ஸ்க்ரூவ, திருக ஆரம்பிக்கிறது.

இந்த ஸ்க்ரூ திருகுற டியூனிங் கடைசி வேலைங்க. மெஷின் கைக்கு வந்ததும் மொதல்ல சைலன்சர கழட்டுங்க, ரெண்டு மூணு போல்ட்தான். டார்ச் அடிச்சு எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா பிஸ்டன பாருங்க. வழவழன்னு இருந்தா சந்தோஷம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நெட்டு நெட்டா கோடு விழுந்திருந்தா மெஷின் லீனா, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம ஓடி சூடாகியிருக்கு. சுத்தி எல்லா பக்கமும் கீறியிருந்தா ஆயில் கலக்காத பெட்ரோல யாரோ ஊத்தியிருக்காங்க. கார்புரேட்டர கழட்டி இன்டேக் பக்கமும் பாருங்க, அங்க மட்டும் மங்கலா தேஞ்சிருந்தா ஏர் ஃபில்டர் வழியா மரத்தூள் உள்ள போயிருக்கு. எதனால கெட்டுதுன்னு தெரியாம புது பிஸ்டன் போட்டா அதே காரணம் புது பிஸ்டனையும் சாப்பிட்டுடும். இத பாக்காம பிஸ்டன் கிட் வாங்கி போட்டு ஒரே வாரத்துல மறுபடி பிரிக்கிறவங்கள பாத்தா நெசமாவே மனசு கஷ்டமா இருக்கும்.

லீனுக்கு பெரிய காரணம் ஏர் லீக். க்ராங்க் ஷாஃப்ட்ட சுத்தி இருக்கிற ரப்பர் சீல், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் பூட், இன்ஜின் அழுத்தத்த கார்புரேட்டருக்கு கொண்டு போற இம்பல்ஸ் டியூப், இந்த மூணும் வயசானா காஞ்சு வெடிச்சுடும், வெளிக்காத்து உள்ள போகும், கார்புரேட்டர் குடுக்கிற பெட்ரோல் பத்தாது. இது எப்படி தெரியும்னா, ஐடில் ஏறி ஏறி இறங்கும், ஆக்சிலேட்டர விட்டதுக்கு அப்புறமும் ஆர்பிஎம் கொஞ்ச நேரம் மேலயே நிக்கும், மெஷின பக்கவாட்டுல சாய்ச்சா சத்தம் மாறும். இந்த லீக்க வச்சுக்கிட்டு எச் ஸ்க்ரூவ தொறந்து தொறந்து சமாளிக்கிறாங்க பாருங்க, அதுதான் மெஷினுக்கு எமன், ஏன்னா லீக் நாளுக்கு நாள் பெருசாகும், ஸ்க்ரூ நீங்க வச்ச இடத்துலயேதான் இருக்கும். பழைய சைக்கிள் டியூப வெட்டி எக்ஸாஸ்டையும் இன்டேக்கையும் அடைச்சு, கேஜ் வச்ச கைப்பம்புல சுமார் 0.5 பார் காத்து ஏத்தி அரை நிமிஷம் நிக்குதான்னு பாருங்க, சோப்புத் தண்ணி தடவுனா குமிழ் வர்ற இடம் தெரிஞ்சிடும். இதோட நிறுத்திடாதீங்க, காத்த இழுத்தும் டெஸ்ட் பண்ணணும். சீலோட உதடு உள்பக்கம் பாத்து இருக்கு, அதனால பிரஷர் குடுத்தா அது ஷாஃப்ட்ட இறுக்கி புடிச்சுக்கும், இழுக்கும்போதுதான் லீக்க காட்டும்.

பெட்ரோல் விஷயம் இப்ப ரொம்ப முக்கியம். பங்க்ல கிடைக்கிறது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து டியூபும், கார்புரேட்டருக்குள்ள இருக்கிற டயாஃப்ரம்ங்கிற சவ்வும் இதுக்காக செஞ்சது இல்ல, ஊறி ஊறி கெட்டுப்போகும். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுக்கும், மாசக்கணக்கா டேங்க்ல விட்டா தண்ணி தனியா பிரிஞ்சு அடியில நிக்கும், பெட்ரோல் ஃபில்டரும் அங்கதான் கிடக்கு. அதுக்கு மேல எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கிறதால அதே ஸ்க்ரூ செட்டிங்ல மெஷின் முன்னவிட லீனா ஓடும், அதனால "போன தடவ செட் பண்ணது அப்படியே இருக்கு"ன்னு நம்பி இறங்காதீங்க. வேலை முடிஞ்சதும் டேங்க காலி பண்ணி, மீதிய ஓட்டி தீத்துட்டு வைங்க. ஆயில் சேஃப்டிக்கு டபுளா ஊத்துறதும் தப்பு, ஆயில் கூடுனா அதே ஓட்டை வழியா வர்ற பெட்ரோல் குறையும், கரியும் சேரும். நல்ல 2டி ஆயில்னா 50:1, லிட்டருக்கு 20 மில்லி. மேனுவல் வேற சொன்னா அதுபடி. கேன்ல கலந்து குலுக்கி ஊத்துங்க, டேங்க்ல வச்சு கலக்காதீங்க.

இதெல்லாம் முடிச்சுட்டு ஸ்க்ரூவுக்கு வாங்க. பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு), செயின் மாட்டி, ஏர் ஃபில்டர் சுத்தம் பண்ணி, ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டி சூடான அப்புறம்தான் டியூனிங். நிறைய பழைய கார்புரேட்டருக்கு எல் (ஸ்லோ ஸ்பீடு பெட்ரோல் ஸ்க்ரூ), எச் ரெண்டையும் மெதுவா முழுசா மூடி, அங்க இருந்து ஒரு சுத்து வெளிய வச்சு ஆரம்பிக்கலாம். மொதல்ல எல், அப்புறம் ஐடில், செயின் ஓடாம நிக்கணும். அப்புறம் எச். ஃபுல் ஆக்சிலேட்டர் கொஞ்ச நேரம் மட்டும் குடுத்து காத குடுங்க. கீஈஈன்னு சுத்தமா கத்துனா லீன், கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பிஸ்டன் எரியுற சத்தம் அது. வெளிய திருகிட்டே வந்தா ஒரு இடத்துல நடுவுல புர்ர்ருன்னு ஒரு கரகரப்பு வரும், அங்க நிறுத்துங்க. மரத்துல வச்சு அழுத்துனதும் அந்த கரகரப்பு மறைஞ்சு சுத்தமாகணும், தூக்குனதும் திரும்ப வரணும். ஒரு தடவைக்கு எட்டுல ஒரு சுத்துக்கு மேல திருகாதீங்க. ஆர்பிஎம் எல்லை தாண்டுனா ஸ்பார்க்க கட் பண்ற லிமிட்டர் வச்ச காயில் மாட்டியிருந்தா ஜாக்கிரதை, அது கட் பண்ற சத்தமும் இதே மாதிரிதான் கேக்கும், அத ரிச்சுன்னு, அதாவது பெட்ரோல் ஜாஸ்தின்னு நெனச்சு இன்னும் இறுக்கிடுவீங்க. டாக்கோமீட்டர் இருந்தா மேனுவல்ல இருக்கிற மேக்ஸ் ஆர்பிஎம்ம தாண்டாதீங்க.

சிலிண்டர்ல கோடு தெரிஞ்சா உடனே தூக்கிப் போட வேணாம். பல சமயம் அது கீறலே இல்ல, பிஸ்டன் அலுமினியம் உருகி ஒட்டியிருக்கும். க்ளவுஸ், கண்ணாடி போட்டு, வெளியில வச்சு, பட்ஸ்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டு ஒட்டுன இடத்துல மட்டும் தடவுனா நுரைச்சு கரையும். ஆனா கோட்டிங் உரிஞ்சிருந்தா அந்த ஆசிட் சிலிண்டரையே தின்னும், அங்க தொடாதீங்க. எடுத்த எடுப்புல உப்புத்தாள போட்டு தேய்க்கிறதும் வேணாம். புது பிஸ்டன் மாட்டுறப்ப அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கணும், சர்க்லிப்போட வாய் மேலயோ கீழயோ பாத்து இருக்கணும், பக்கவாட்டுல வச்சா ஓட்டத்துல கழண்டு வந்து சிலிண்டர கிழிச்சுடும்.

க்ளட்ச் பெரும்பாலான மெஷின்ல இடது மரை, கடிகாரம் சுத்துற பக்கம் திருகுனாத்தான் கழலும். பிஸ்டன நிறுத்த ப்ளக் ஓட்டையில ஸ்க்ரூடிரைவர விடாதீங்க, ஸ்டார்ட்டர் கயித்த விடுங்க, அதுவும் பிஸ்டன் எக்ஸாஸ்ட் ஓட்டைய மூடுன அப்புறம், இல்லன்னா கயிறு ஓட்டையில மாட்டிக்கும். கார்புரேட்டர் ஜெட்ட கம்பி விட்டு குத்தாதீங்க. டயாஃப்ரம், கேஸ்கெட் எந்த வரிசையில இருந்துதுன்னு போட்டோ எடுத்துட்டு பிரிங்க. பத்து நிமிஷம் ஓடிட்டு நின்னுடுதுன்னா கார்புரேட்டர பிரிக்கிறதுக்கு முன்னாடி டேங்க் மூடிய லூஸ் பண்ணி பாருங்க, உடனே ஓடுனா டேங்குக்கு காத்து போற வென்ட்தான் அடைப்பு.

தேஞ்ச ஸ்ப்ராக்கெட்ல (செயின ஓட்டுற பல் சக்கரம்) புது செயின் போடாதீங்க, பாருக்கு கழிவு ஆயில் ஊத்தாதீங்க. மரத்துக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி செயின் பிரேக்க தட்டிப் பாருங்க. பழைய மெஷின்ல பிரேக் பேண்ட் தேஞ்சோ எண்ணெய் பட்டோ பிடிக்காம இருக்கும், அது சரியாகுற வரைக்கும் அந்த மெஷின்ல ஒரு குச்சி கூட அறுக்க வேணாம்.