வேலைப்பளுவுக்கேற்ப மாறும் விமானி அறை: சிமுலேட்டரில் முயன்று பார்க்க

விமானி திணறும்போது தானே சுருங்கி, அவசரமானதை மட்டும் காட்டும் திரையைச் செய்யப் போகிறீர்களா? திணறலை அளக்க இதயத்துடிப்புப் பட்டையை வாங்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். நான் பட்டையில் தொடங்கி ஒரு மாதத்தை வீணாக்கியவன்.

தாளில் பறப்பின் கட்டங்களை எழுதி, எந்தக் கட்டத்தில் எந்தத் தகவல் காத்திருக்கலாம் என்று குறியுங்கள். ஏர்பஸ் ஏ320 இப்படித்தான் செய்கிறது. புறப்படுவதற்கான விசை கொடுத்ததிலிருந்து 1,500 அடி ஏறும்வரை, அவசரமில்லாத எச்சரிக்கைகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்து வைத்திருப்பதாகத் திரையில் ஒரு வரியும் காட்டும். அந்த வரியைக் காப்பியடியுங்கள். சொல்லாமல் மறைக்கும் திரையை எந்த விமானியும் நம்ப மாட்டார்.

இனி இதயத்துடிப்பையும் கண்மணியையும் அளக்கும் உணரிகள். முதலில் காற்றில்லாத வானில் பத்து நிமிடம் நேராகப் பறக்கச் சொல்லி, அந்த விமானியின் இயல்பு நிலையைப் பதிந்துகொள்ளுங்கள். ஒருவருடைய அளவு மற்றவருக்கு ஒத்துவராது. கண்மணி விரிவதை மட்டும் நம்பாதீர்கள். ஒருமுறை நான் சிமுலேட்டரில் சூரியனை மறைய வைத்தேன். வெளிச்சம் குறையக் கண்மணி விரிந்தது. ஆள் திணறுகிறார் என்று முடிவுகட்டிய என் நிரல் எரிபொருள் பக்கத்தை மறைத்துவிட்டது. அவரோ சும்மா உட்கார்ந்திருந்தார்.

அளக்கும் வேலைப்பளுவில் திரை சுருங்குவதற்கு ஓர் எல்லை, பழைய நிலைக்குத் திரும்ப அதைவிடத் தாழ்ந்த இன்னோர் எல்லை வேண்டும். ஒரே எல்லை வைத்தால் திரை கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். நான் சுருங்கப் பத்து விநாடியும் திரும்ப ஒரு நிமிடமும் காத்திருக்கும்படி வைத்திருக்கிறேன். தரையிறங்கும்போது கடைசி 1,000 அடியில் எதுவும் மாறக்கூடாது. விமானத்தின் சாய்வு, வேகம், உயரம், திசை ஆகியவற்றில் எப்போதும் கைவைக்காதீர்கள். எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவர ஒரு பொத்தானும் தேவை.

அடுத்து, ஒரே நேரத்தில் பன்னிரண்டு கோளாறுகளைக் கொடுத்துப் பாருங்கள். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவான்டாஸ் ஏ380 விமானத்தின் இயந்திரம் ஒன்று வெடித்தபோது, எச்சரிக்கைகள் திரையில் குவிந்தன. அன்று அறையில் ஐந்து விமானிகள் இருந்தார்கள். உங்கள் திரையோ இரண்டே விமானிகள் இருந்தாலும் தாங்க வேண்டும். அதனால் மறைப்பதைவிட வரிசைப்படுத்துவதில் அதிக நேரம் செலவிடுங்கள்.

முடிந்ததும், வேலைப்பளு எவ்வளவு என்று விமானியே மதிப்பிடும் நாசாவின் டிஎல்எக்ஸ் படிவத்தை நீட்டுங்கள். மனஉழைப்பு, நேர நெருக்கடி, எரிச்சல் உட்பட ஆறு கேள்விகள்தான். ஹெட்செட்டைக் கழற்றும் முன்பே நிரப்பச் சொல்லுங்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து எழுதினால் எல்லா எண்களும் இறங்கிவிடுகின்றன.