கான்டிலீவரில் ஒட்டியது துகளா, தண்ணீரா?

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஊதுபத்தி ஏற்றிய இரண்டாவது நிமிடத்திலேயே, காற்றிலுள்ள நுண்துகளை எடைபோடும் எங்கள் சென்சாரின் அதிர்வெண் சரசரவென்று இறங்கியிருந்தது. "சார், துகள் ஒட்டிடுச்சு!" திரையைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடத்துக்கு முன் நான் வரைந்த அதே கோடு.

ஒரு முனை பிணைந்து, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் சிலிக்கான் பட்டைதான் கான்டிலீவர். அதை அதிரவிட்டால், மேலே ஏதாவது ஒட்டும்போது அதிர்வு சற்று மந்தமாகும். அதிலிருந்து ஒட்டியதன் நிறையைக் கணக்கிடுகிறோம். சிப்பை விரலால் தொடாதே, மேசை ஆடக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, பலரும் செய்யும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

ஈரத்தைத் துகள் என்று எண்ணுவது

இதுதான் என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு. 200 மைக்ரான் நீளம், 40 அகலம், 2 தடிமன் உள்ள பட்டையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 69 கிலோஹெர்ட்ஸில் அதிரும். 100 நானோமீட்டர் துகள் ஒன்றின் நிறை சுமார் ஒரு ஃபெம்டோகிராம். அது நுனியில் ஒட்டினால் இறங்குவது 4 மில்லிஹெர்ட்ஸ்கூட இல்லை.

சரி, அதே பட்டையின் இரு பக்கமும் ஒரு நானோமீட்டர் தடிமனில் நீர்ப்படலம் படிந்தால்? 16 பிகோகிராம், அதாவது 16,000 ஃபெம்டோகிராம். நுனியில் மட்டும் இல்லாமல் பட்டை முழுக்கப் பரவியிருப்பதால் இறக்கம் 15 ஹெர்ட்ஸ். நுனியில் நாலாயிரம் துகள் ஒட்டியதற்குச் சமம்! வெப்பநிலையும் லேசுப்பட்டதல்ல. ஒரு டிகிரி ஏறினால் சிலிக்கான் சற்று இளகி, 2 ஹெர்ட்ஸ் போய்விடும்.

ஏழு வருடத்துக்கு முன் நான் மூன்று வாரம் ஊதுபத்திப் புகையை அளந்தேன். கோடுகள் அவ்வளவு அழகாக வந்தன. குழு கூட்டத்தில் காட்டினேன். ஒரு மூத்த சகா கேட்டது ஒரே கேள்வி: "வடிகட்டிய காற்றை விட்டுப் பார்த்தியா?" பார்க்கவில்லை. மறுநாள் புகைக்கும் சென்சாருக்கும் நடுவில் ஹெப்பா ஃபில்டரை மாட்டினேன். ஒரு துகளும் உள்ளே போகாத நிலையிலும் அதிர்வெண் அதே மாதிரி இறங்கியது. எரியும் பத்தி துகளை மட்டுமா விடுகிறது? நீராவியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்தே வருகின்றன. ஆவியை ஃபில்டர் பிடிக்காது. மூன்று வார அளவீடும் குப்பைக்குப் போனது.

அதனால் முதல் ஓட்டம் எப்போதும் வடிகட்டிய காற்றில்தான். காற்று சென்சாருக்குள் நுழையும் முன் சிலிக்கா ஜெல் உலர்த்தி வழியாக வரட்டும். கடைசியில் உலர் நைட்ரஜனை விட்டுப் பாருங்கள். நீர் என்றால் அதிர்வெண் திரும்ப ஏறும், துகள் இருந்த இடத்திலேயே இருக்கும். மாணவியிடம் இதைத்தான் செய்யச் சொன்னேன். அவர் காட்டிய இறக்கத்தில் மிஞ்சியது 0.4 ஹெர்ட்ஸ். அவ்வளவுதான் நிஜமான துகள்.

அப்புறம், அதே சிப்பில் இன்னொரு கான்டிலீவரை ஒப்பீட்டுக்கு வையுங்கள். துகள்களை மின்னேற்றி, அளக்கும் பட்டைக்கு மின்னழுத்தம் கொடுத்துத்தான் இழுக்கிறோம். ஒப்பீட்டுப் பட்டைக்கு அதைக் கொடுக்காவிட்டால் மின்னேற்றிய துகள்கள் பெரும்பாலும் அதை நாடாது. பலர் அதை மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். மூடிக்குள் இருப்பதற்கு வெளியே ஏறும் ஈரம் எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே காற்றில் இருந்தால்தான் கழித்துப் பார்ப்பதில் பொருள் உண்டு.

காற்றை வேகமாக அடித்தால் ஒட்டும் என்று நம்புவது

ஒட்டாது. இவ்வளவு சிறிய துகள் காற்றோடு வளைந்து பட்டையைச் சுற்றிப் போய்விடும். மின்னேற்றி மின்புலத்தால் இழுங்கள், அல்லது சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

எல்லாத் துகளும் நுனியில் என்று கணக்குப் போடுவது

பட்டையின் நடுவில் ஒட்டும் துகள், நுனியில் ஒட்டுவதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு மாற்றத்தைத்தான் தரும். அடிப்பகுதியில் ஒட்டினால் அநேகமாக ஒன்றுமே தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் எங்கே படிந்திருக்கிறது என்று பார்க்காமல் எண்ணிக்கை சொல்லாதீர்கள்.

சாதாரண பிளாஸ்டிக் குழாய்

மின்னேற்றிய துகள்கள் வழியிலேயே சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.

மின்சாரம் கொடுத்த உடனே அளப்பது

பட்டையிலுள்ள மின்தடை தானே சூடாகும். கோடு நிலைக்கும்வரை காத்திருங்கள்.

அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுவது

பட்டை ஒடிந்துவிடும்.