நுரையீரல் ஒப்பரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்கள பாத்துக்கிறப்ப செய்யக்கூடாத தவறுகள்

வெலிசறை நெஞ்சு ஆஸ்பத்திரியிலயோ கண்டியிலயோ நெஞ்சு ஒப்பரேஷன் முடிஞ்சு டிக்கட் வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் பண்ணி, அனுப்புன உடனே நம்ம மலையகத்து வீடுகள்ல முதல்ல நடக்கிறது என்னன்னா, காம்பராவுல கட்டில போட்டு, ஜன்னல சாத்தி, கம்பளிய போர்த்தி "அசையாம படுங்க"ன்னு சொல்லிர்றது. பாசத்துலதான் செய்றாங்க, ஆனா இதவிட பெரிய தவறு இல்லன்னுதான் நான் சொல்லுவேன். படுத்தே கெடந்தா நுரையீரலோட அடிப்பகுதி சரியா விரியாது, சளி அங்கேயே தேங்கி நிமோனியாவுல கொண்டுபோய் விடும், கால்ல ரத்தம் கட்டி அது நெஞ்சுக்கு ஏறுற ஆபத்தும் இருக்கு. பகல்ல கதிரையில நிமிந்து உக்கார வைங்க, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்ல மட்டமான இடமா பாத்து கொஞ்ச தூரம் நடக்க வைங்க, நாளாக நாளாக தூரத்த கூட்டுங்க. படிக்கட்டும் மேடும் நமக்கு தவிர்க்க முடியாது, அதுல ஏறுறப்ப மூச்ச பிடிச்சுக்கிட்டு ஏறக்கூடாது, விட்டுக்கிட்டே ஏறணும், பேச முடியாத அளவுக்கு வாங்குனா நின்னு நிதானிச்சு போகணும்.

இன்னொன்னு யாரும் யோசிக்கிறதே இல்ல. வெலிசறை கடல் மட்டத்துக்கு பக்கத்துல, நுவரெலியா சுமார் 1,860 மீட்டர் உயரத்துல. இங்க ஒரு மூச்சுல கிடைக்கிற ஒக்சிஜன் அங்கவிட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைவு. அதோட ஒப்பரேஷனுக்கு அப்புறம் நுரையீரலுக்கு வெளிய நெஞ்சுக்குள்ள காத்து மிச்சம் இருந்தா உயரம் ஏற ஏற அது விரியும். அதனால டிக்கட் வெட்டுறதுக்கு முந்தியே "எங்க வீடு நுவரெலியா பக்கம், இப்ப மேல போகலாமா"ன்னு டொக்டர்கிட்ட வாய் தொறந்து கேளுங்க, நாம சொல்லலன்னா அவங்களுக்கு எப்புடி தெரியும்.

இருமுனா தையல் பிஞ்சிரும்னு பயந்து இருமல அடக்குறது அடுத்த தவறு. சளி வெளிய வரணும், அதுக்கு இருமித்தான் ஆகணும். தலகாணிய வெட்டுன பக்கத்துல வச்சு கையால அணைச்சு பிடிச்சுக்கிட்டு, முன்னால லேசா சாஞ்சு இருமுனா வலி நல்லா குறையும். வலிக்கு குடுத்த மாத்திரைய "பழகிப் போயிரும்"னு சொல்லி நிறுத்துறவங்க இருக்காங்க, வலியோட இருக்கிற ஆளு ஆழமா மூச்சே எடுக்கமாட்டாரு, இருமவும் மாட்டாரு, ஆக நேரத்துக்கு குடுங்க. ஆனா ஆஸ்பத்திரியில குடுத்த பரசிட்டமோலும் கடையில வாங்குற பெனடோலும் ஒண்ணுதான், ரெண்டையும் சேத்து குடுத்துராதீங்க. 500 மில்லிகிராம் மாத்திரை பெரியாளுக்கு ஒரு நாளைக்கு 8க்கு மேல போகக்கூடாது, மெலிஞ்ச ஆளுங்களுக்கு அதுவே அதிகம். மூச்சுப் பயிற்சிக்கு குடுக்கிற, மூணு பந்து இருக்கிற அந்த பிளாஸ்டிக் சாமான நிறைய பேர் ஊதுறாங்க. அத ஊதக்கூடாது, உள்ளுக்கு உறிஞ்சணும், மெதுவா, ஆழமா.

பொகை. லயத்துல குசினியும் படுக்கையும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதால வெறகு அடுப்பு எரியிற நேரம் அவங்கள முன்பக்கம் இஸ்தோப்புல உக்கார வைங்க, குளிரா இருந்தா சால்வை, குல்லா போட்டுக்கட்டும். குளிருதுன்னு கரிச்சட்டிய மூடுன ரூமுக்குள்ள வச்சிட்டு தூங்குறது நல்ல ஒடம்பு உள்ளவங்களயே கொன்னுரும். வீட்டுல யாராவது சிகரெட், பீடி குடிச்சா வெளியிலகூட அவங்க பக்கத்துல வேணாம்.

பத்தியம்னு முட்டையையும் மீனையும் நிறுத்திர்றாங்க, புண்ணு ஆற அதுதான் வேணும். சளி கட்டும்னு தண்ணியையும் குறைக்கிறாங்க, தண்ணி குறைஞ்சா சளி இன்னும் கெட்டியாகும். டிரமடோல் மாதிரி வலி மாத்திரை மலச்சிக்கல் குடுக்கும், அதுக்கு பப்பாசியும் கீரையும் போதலன்னா கிளினிக்ல மருந்து கேளுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. புண்ணுல மஞ்சள், எண்ணெய், சித்தாலேப தைலம் எதுவும் வேணாம். வெட்டுன பக்கத்து கைய தொங்கப்போட்டே வச்சிருந்தா தோள் இறுகிப் போகும். வெலாப்பக்கம், மார்புக்கு கீழ மரத்தும் எரிஞ்சும் இருக்கிறது நரம்பு பட்டதால, அது மாசக்கணக்குல போகலாம், பயப்பட வேணாம்.

பயப்பட வேண்டியது வேற: திடீர்னு மூச்சு முட்டுறது, இருமுனா ரத்தமோ உப்பு தண்ணி மாதிரியோ நிறைய வர்றது, காய்ச்சல் 38 பாகைய தாண்டுறது, ஒரு கால் மட்டும் வீங்குறது, கழுத்து, நெஞ்சு தோலுக்கு அடியில நறநறன்னு வீங்குறது, புண்ணுல சீழ். மூச்சு முட்டுனா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 1990க்கு எடுங்க, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இப்ப மனசு. ஒடம்புக்கு இவ்வளவு பாக்கிற நாம இத கண்டுக்கிறதே இல்ல, அதுதான் எனக்கு பெரிய கவலை. கோவம் வரும், காரணமில்லாம அழுக வரும், தூங்குனா மூச்சு நின்னுருமோன்னு ராத்திரி முழுக்க முழிச்சிருப்பாங்க. அப்ப "ஆம்பள அழலாமா", "ஒனக்கென்ன கொற, நாங்க பாத்துக்கிறோம்ல"ன்னு சொன்னா அந்த ஆளு அதோட வாய மூடிருவாரு. தலைய ஒசத்தி படுக்க வச்சு, கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து பேசுனாலே அந்த பயம் பாதி எறங்கும். பாக்க வர்றவங்க "எங்க தோட்டத்துல ஒருத்தருக்கும் இதே மாதிரித்தான், பாவம்"னு ஆரம்பிச்சா பேச்ச மாத்துங்க, தடிமன், இருமல் உள்ளவங்கள வாசலோட அனுப்புங்க, சங்கடமா இருந்தாலும். என்ன நோய்னே தெரியாம காசநோய்னு லயம் பூரா குசுகுசுப்பாங்க, அத வீட்டாளுங்களே தைரியமா மறுத்து பேசணும். அதவிட கொடுமை, வெட்டி எடுத்தத சோதிச்ச ரிப்போட்ட நோயாளிகிட்டயே மறைக்கிறது. மூஞ்சிய பாத்தே அவங்களுக்கு புரிஞ்சிரும், அப்புறம் பயத்த பகிந்துக்க வீட்டுல ஒரு ஆளு இல்லாம போயிரும். டொக்டர வச்சு அவங்க கேக்குற அளவுக்கு சொல்ல வைங்க. ரெண்டு வாரத்துக்கு மேல சோந்தே கெடந்தா, சாப்பாடு எறங்கலன்னா, வாழ பிடிக்கலன்னு பேசுனா கிளினிக்ல சொல்லுங்க, 1926க்கு எந்த நேரமும் கூப்பிட்டு பேசலாம், அது தேசிய மனநல நிறுவனத்தோட நம்பர்.

வேலைக்கு போக அவசரப்படுறதுதான் கடைசி தவறு. நெஞ்ச தொறந்து செஞ்சிருந்தா பொதுவா 6லருந்து 8 கிழமைக்கு பாரம் தூக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க, துளை போட்டு செஞ்சிருந்தா கொஞ்சம் முந்தலாம். தண்ணிக் கொடம், வெறகு கட்டு, கொழுந்து எல்லாமே பாரம்தான். வேலைக்கு போய் பேர் போடலன்னா சம்பளம் இல்லங்கிற கஷ்டம் எனக்கும் தெரியும், அதனாலதான் சொல்றேன், அடுத்த கிளினிக்ல எத்தனை கிழமை லீவு, அதுக்கப்புறம் என்ன இலேசான வேலைன்னு எழுத்துல வாங்கி, தோட்டத்து தொரைகிட்ட குடுத்துட்டு ஒரு கொப்பிய வீட்டுல வச்சுக்குங்க.