கடலோர மாடியில் சிவப்புக் கொத்து ரோஜா: தொட்டியில் வளர்க்கும் முறை

சென்னை திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. மொட்டைமாடியின் கிழக்கு ஓரத்தில் ஆறு தொட்டிகளில் ‘யூரோப்பியானா’ என்ற சிவப்பு ஃப்ளோரிபண்டா ரோஜாவை வளர்க்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் வாங்கிய ஒன்பது செடிகளில் ஏழு பட்டுப்போயின. மூன்றாம் ஆண்டிலிருந்து ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. இடையில் நான் மாற்றியது தண்ணீர் ஊற்றும் முறையை மட்டுமே. இந்த விளக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

செடியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு காம்பில் ஒரு பெரிய பூ என்று பூக்கும் ஹைபிரிட் டீ ரோஜாவைக் கடற்காற்று படும் மாடிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஒரு பூவைக் காற்று கசக்கிவிட்டால், அடுத்த பூவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃப்ளோரிபண்டாவோ கொத்தாகப் பூப்பது. இரண்டு பூ கெட்டாலும் பத்துப் பூ மிஞ்சும். டென்மார்க்கின் பூல்சன் குடும்பத்தினர், குளிர்நாட்டில் தாக்குப்பிடிக்கும் செடி வேண்டும் என்பதற்காகக் கொத்தாகப் பூக்கும் பாலியாந்தா ரோஜாவை ஹைபிரிட் டீயுடன் கலந்து உருவாக்கிய வகை இது. ஸ்வெண்ட் பூல்சன் 1924-இல் வெளியிட்ட ‘எல்ஸே பூல்சன்’ அந்த வரிசையில் புகழ்பெற்ற தொடக்கக்காலச் செடி. யூரோப்பியானாவை நெதர்லாந்தின் டி ரூய்ட்டர் 1963-இல் அறிமுகப்படுத்தினார். இரண்டரை முதல் மூன்று அடி உயரத்துக்குள் அடங்கும் செடி. தளிர் இலை செம்பு நிறத்தில் துளிர்த்துப் பிறகு கரும்பச்சையாக மாறும். மணத்தை எதிர்பார்க்க வேண்டாம். அந்த ஆழ்ந்த சிவப்புக்காகவே நான் இதை வளர்க்கிறேன். வெளிநாட்டில் வாழ்வோருக்கு இன்னும் அடக்கமான செடி வேண்டுமென்றால், நியூசிலாந்தில் சாம் மெக்ரெடி உருவாக்கிய ‘டிரம்பெட்டர்’ (1977) நல்ல தேர்வு.

தொட்டியும் மண்ணும்

12 அங்குலத் தொட்டி போதும். சுட்ட மண் தொட்டியையே நான் விரும்புகிறேன். அதன் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு, உள்ளே என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்ற கலவையை எல்லாத் தொட்டிகளுக்கும் பயன்படுத்துகிறேன். கடற்கரை மணலை எவ்வளவு கழுவினாலும் சேர்க்காதீர்கள்.

நாற்றங்காலிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றிப் பெரும்பாலும் கெட்டியான களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே புதைத்தால் நாம் ஊற்றும் தண்ணீர் உருண்டைக்குள் இறங்காமல் ஓரமாக வழிந்துவிடும். பையைக் கிழித்தபின் உருண்டையைப் பத்து நிமிடம் தண்ணீரில் வைத்து, வெளிப்புறக் களிமண்ணை மட்டும் விரலால் மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அந்த முடிச்சுக்குக் கீழே எழும் தளிர் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அது வேர்ச்செடியுடையது, அதாவது ஒட்டுக்கு அடியாக வைத்த வேறு ரோஜாவுடையது. அடியோடு கிழித்து எடுத்துவிடுங்கள். சென்னைக்கு நடவு மாதம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வரும் டிசம்பர் இறுதியும் ஜனவரியும்தான்.

உப்பை வெளியேற்றுதல்

என் ஏழு செடிகளும் பட்டுப்போனது இந்த இடத்தில்தான். நட்ட இரண்டு மாதம் செடி நன்றாகத் தழைத்தது. மார்ச் முடிவில் அடி இலைகளின் விளிம்பு, நெருப்பில் காட்டிய காகிதம்போல் பழுப்பாகக் காய்ந்து, அந்தக் காய்வு நாள்தோறும் நடுநரம்பை நோக்கி நகர்ந்தது. ஊட்டம் போதவில்லை என்று எண்ணி உரம் போட்டேன், வேகம் கூடியது. பூஞ்சாணம் என்று எண்ணி மருந்து தெளித்தேன். எந்த மாற்றமும் இல்லை. மே மாதத்தில் தண்டு மேலிருந்து கறுத்துக் கீழிறங்கியது. பட்டுப்போன செடியைப் பிடுங்கியபோது, வேரைச் சுற்றியிருந்த மண்ணின் மேல்பகுதியில் விரலால் சுரண்டி எடுக்கும் அளவுக்கு வெண்மையான படலம் இருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு அது. தண்ணீர் ஆவியாகப் போனது, உப்பு தொட்டியிலேயே தங்கியது. அதன்மேல் நான் போட்ட உரமும் உப்புதான்.

ஆகவே செடி வாங்கும் முன்பே தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சிறு கருவி, கடலோரத் தோட்டக்காரருக்குக் கத்தரிக்கோலைவிட முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. ரோஜா உப்பைத் தாங்கும் செடி அன்று, மீட்டரில் 500 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 500 பங்கு) இருக்கும் தண்ணீர் அதற்கு நிம்மதி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் 1,400 காட்டுகிறது. மாடிக் குழாயிலிருந்து டிரம்மில் பிடித்துவைத்த மழைநீர் 30-ஐத் தாண்டுவதில்லை. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் 700 வரும். நல்ல தண்ணீர் கிடைக்காதவர்கள் இந்தக் கலப்பிலிருந்து தொடங்கலாம்.

மார்ச் முதல் மழை தொடங்கும் வரை இருபது நாளுக்கு ஒருமுறை மண்ணைக் கழுவிவிடுங்கள். 12 அங்குலத் தொட்டி ஏறக்குறைய 15 லிட்டர் கொள்ளும். அதன் இரு மடங்கு, அதாவது 30 லிட்டர் தண்ணீர் தேவை. முதலில் ஐந்து லிட்டரை மெதுவாக ஊற்றி, மண் முழுவதும் நனைந்து உப்பு கரைவதற்காகக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு மீதியை ஐந்தைந்து லிட்டராக, ஒவ்வொன்றும் வடிந்த பின் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்துளையில் ஒரு கிண்ணத்தை வைத்து வடியும் தண்ணீரை அளந்தபோது முதல் கிண்ணம் 3,200 காட்டியது. தேநீர் நிறத்தில் இருந்தது. கடைசிக் கிண்ணம் ஏறக்குறைய தெளிந்து 900-க்கு இறங்கியது. வடியும் தண்ணீருக்கு மீட்டர் காட்டும் எண், ஊற்றும் தண்ணீரின் எண்ணை நெருங்கும்போது நிறுத்திக்கொள்ளலாம். தொட்டிக்கடியில் தட்டு வைக்காதீர்கள். வடிந்த உப்பு அதிலிருந்து மீண்டும் மண்ணுக்குள் ஏறிவிடும். கழுவும்போது சத்தும் போய்விடுவதால், மூன்று நாள் கழித்து தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து ஊற்றுகிறேன். சாம்பல் சத்துக்கு மூரியேட் ஆப் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது; சல்பேட் ஆப் பொட்டாஷ் வாங்குங்கள்.

இலையைப் பார்த்து நோயைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஓர் அடையாளம் சொல்கிறேன். முதிர்ந்த இலை விளிம்பிலிருந்து காய்ந்தால் உப்பு. புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. இலைப்பரப்பில் வட்டமான கரும்புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சளும் இருந்தால் பூஞ்சாணம். உரமும் மருந்தும் கையில் எடுக்கும் முன் இந்த மூன்றையும் பிரித்தறியுங்கள்.

காற்றும் இலையும்

கடற்காற்றில் வரும் உப்பு இலைமேலும் படியும். வாரம் இருமுறை, காலை எட்டு மணிக்குள், நல்ல தண்ணீரை இலையின் இருபுறமும் படும்படி தெளித்துக் கழுவுகிறேன். கோடையில் இலையின் அடியில் வலை பின்னும் சிலந்திப்பேனும் இதிலேயே பெருமளவு போய்விடும். மாலையில் கழுவினால் இரவெல்லாம் ஈரம் நின்று கரும்புள்ளி வரும். காற்றுக்குத் தடுப்பாகச் சுவரோ தகரமோ வேண்டாம். காற்று அதைத் தாண்டிச் சுழன்று விழுந்து கிளையை ஒடிக்கும். பச்சை நிழல்வலையைச் செங்குத்தாகக் கட்டினால் காற்று வேகம் குறைந்து உள்ளே வரும். கிளைகளைக் குச்சியோடு கட்டச் சணல் கயிறு நல்லது, கம்பி ஒரே பருவத்தில் துருப்பிடித்துவிடும்.

கவாத்து

ஜனவரி முதல் வாரத்தில், காய்ந்த, குறுக்கே ஓடும் கிளைகளை நீக்கி, மற்றவற்றைப் பாதி உயரத்துக்கு, வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுகிறேன். ஏறக்குறைய 45 நாளில் பூ வரும். கொத்தின் நடுமொட்டுதான் முதலில் விரியும். அதைப் பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட்டால் சுற்றியுள்ளவை ஒன்றாக மலரும். பூ முடிந்ததும் தனித்தனிப் பூவாகக் கிள்ளாமல் கொத்து முழுவதையும், கீழே உள்ள ஐந்து இலை கொண்ட காம்புக்கு மேலே வெட்டுங்கள். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் கத்தரிக்கோலையே வாங்குங்கள். ஓர் அலகு தட்டையான பரப்பில் அழுந்தும் வகை தண்டை நசுக்குகிறது. ஒவ்வொரு முறையும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி வையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்களில் இருவருக்கு, நல்ல தண்ணீரே ஊற்றுவதாக எண்ணியிருந்தும் இலை காய்ந்தது. ஒருவர் சமையலறை ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றியிருந்தார். வடிகட்டி விலக்கிய உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் இருக்கும், அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். மற்றவர் செம்மண்ணுக்குப் பதிலாகத் தேங்காய் நார்க்கழிவைப் பாதிக்குமேல் சேர்த்திருந்தார். தென்னை மட்டையிலேயே உப்புகள் உண்டு. உப்புநீரில் ஊறிய மட்டையென்றால் இன்னும் கூடும். நார்க்கழிவுக் கட்டியை வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரை மீட்டரில் பாருங்கள். ஊற்றிய தண்ணீரைவிட 200-க்கு மேல் அதிகம் காட்டினால் மறுபடி ஊறவையுங்கள். அவர் வாங்கிய கட்டிக்கு ஐந்து முறை கழுவ வேண்டியிருந்தது.