பங்கு பேசாமல் கைகோக்காதீர்கள்: நகரமும் கவுண்டியும் சேர்ந்து தொழில் வளர்க்கும்போது நேரும் தவறுகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு விசித்திரமான அமைப்பு உண்டு. அங்கே நகரத் தகுதி பெற்ற எந்த ஊரும் கவுண்டிக்குள், அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிக்குள், அடங்குவதில்லை. நகரத்துக்குத் தனி வரி, சுற்றியுள்ள கவுண்டிக்குத் தனி வரி. முன்பெல்லாம் வளர நினைத்த நகரம் பக்கத்துக் கவுண்டி நிலத்தைத் தன்னோடு இணைக்கப் பார்க்கும். கவுண்டி நீதிமன்றத்துக்குப் போகும். 1987 முதல் மாநிலச் சட்டமன்றம் அந்த இணைப்புகளை நிறுத்திவைத்திருக்கிறது. வரப்புத் தகராறு ஓய்ந்தாலும், தொழிற்சாலை யார் பக்கம் வருவது என்ற போட்டி ஓயவில்லை.

இப்படிப்பட்ட இரு நிர்வாகங்கள் கைகோக்கும்போது செய்யும் மிகப் பெரிய தவறு, பங்கைப் பேசிக்கொள்ளாமல் தொடங்குவது. ஆலை ஏதோ ஒரு பக்கத்தில்தான் அமையும். வரி அந்தப் பக்கத்துக்கே போகும். தண்ணீரும் சாலையும் ஆட்களும் தந்த மறுபக்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். வாய்வார்த்தை ஒப்பந்தம் அடுத்த தேர்தல் வரைக்கும்கூடத் தாங்காது.

வர்ஜீனியாவின் டான்வில் நகரமும் அதைச் சுற்றியுள்ள பிட்சில்வேனியா கவுண்டியும் 2001இல் செய்தது இதற்கு நல்ல மாற்று. இரண்டும் சேர்ந்து தொழிற்பூங்காக்களுக்கென ஒரு பொது ஆணையத்தை உருவாக்கின. ஆளுக்கு இரண்டு உறுப்பினர்கள். செலவிலும் வரவிலும் சரிபாதி. பெர்ரி ஹில் என்ற 3,500 ஏக்கர் பூங்கா கவுண்டிக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் நகரம் அதற்குப் பணம் போடுகிறது, பாதி தனக்கும் உண்டு என்பதால். எந்த நிறுவனம் வரும் என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே கணக்கு முடிந்துவிட்டது பாருங்கள், அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆலை வந்து நின்ற பிறகு எந்தப் பங்காளிக்கும் விட்டுக்கொடுக்க மனம் வராது.

அடுத்த தவறு, பக்கத்து ஊர் ஆலையைக் கூட்டிவந்துவிட்டு அதை வளர்ச்சி என்று சொல்வது. கான்சஸ் சிட்டிப் பகுதியின் நடுவே மிசூரி, கான்சஸ் மாநிலங்களின் எல்லை ஓடுகிறது. வரிச்சலுகையைக் காட்டி நிறுவனங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல ஆண்டுகள் இழுத்தார்கள். ஏஎம்சி திரையரங்கு நிறுவனத்தின் தலைமையகம் மிசூரியிலிருந்து கான்சஸுக்குப் போனது அப்படித்தான். வேலை செய்தவர்களில் பலர் பழைய வீட்டிலிருந்தே புது அலுவலகத்துக்குப் போய்வந்தார்கள். இரு மாநிலங்களும் 2019இல் எல்லைக் கவுண்டிகளுக்கு ஒரு சமாதானம் செய்துகொண்டன. அதற்குள் விட்டுக்கொடுத்த வரி திரும்பி வருமா?

பொறுமை இழப்பதும் தவறுதான். டான்விலை வாழவைத்த டான் ரிவர் துணியாலை 2006இல் மூடியது. வேலை இழந்த ஊரில், காலி நிலத்துக்குக் குழாயும் சாலையும் போடுவதை நியாயப்படுத்துவது எளிதல்ல. பெர்ரி ஹில் பத்தாண்டுக்கும் மேலாக வெறுமனே கிடந்தது. மின்கலப் பாகங்கள் செய்யும் மைக்ரோபோரஸ் நிறுவனம் 135 கோடி டாலர் முதலீட்டோடு அங்கே வருவதாக அறிவித்தது 2024 நவம்பரில்தான். இடையில் ஒரு தரப்பு விலகியிருந்தால் அந்த நிலம் தயாராகவே இருந்திருக்காது.

நிறுவனம் போய்விட்டால் என்ன செய்வது என்பதை யாரும் ஒப்பந்தத்தில் எழுதிவைப்பதில்லை. ஐகியாவின் அறைகலன் ஆலை 2008இல் டான்விலுக்கு வந்தது, 2019இல் மூடப்பட்டது. சுமார் 300 பேருக்கு வேலை போனது. எத்தனை வேலைக்கு எவ்வளவு சலுகை, குறைந்தால் எவ்வளவு திருப்பித் தரவேண்டும், மிச்சக் கடனை யார் எந்த விகிதத்தில் அடைப்பது என்பவை முதல் ஒப்பந்தத்திலேயே எண்களாக இருக்கவேண்டும்.

ஊர்கள் பலவாக இருந்தால் இருவர் ஒப்பந்தம் போதாது; மாநிலச் சட்டம் வேண்டும். மினசோட்டா 1971இல் அதைச் செய்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரத்தின் ஏழு கவுண்டிகளிலும் வணிக, தொழில் சொத்துகளின் வரிமதிப்பு அந்த ஆண்டுக்குப் பின் எவ்வளவு கூடுகிறதோ, அதில் 40 சதவீதம் பொதுத்தொகுப்புக்குப் போகிறது. சொத்துவளம் குறைந்த ஊர்களுக்கு அதிலிருந்து கூடுதல் பங்கு கிடைக்கிறது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அந்தப் பங்கீடு இன்றும் நடக்கிறது.